முள் சுழன்ற கால்

பூவாத்தாள் என்ற மிளா மானுக்குக் காட்டில் ஓர் அநியாயம் நடந்தது. நடக்கும்போது பின்னங்கால் சதை இழுக்கிறது என்று நாலு காலில் வைத்தியத்துக்குப் போனாள். மூன்று காலில் திரும்பி வந்தாள்.

முதலில் அவள் பார்த்தது ஆமை வைத்தியரைத்தான்.

"ரத்தக் குழாயில கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கு, அவ்வளவுதான். தினமும் ஓடை வரைக்கும் நட. வலிச்சா நில்லு. வலி விட்டதும் மறுபடி நட" என்றது ஆமை.

பூவாத்தாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நடன்னு சொல்றதுக்கு ஒரு வைத்தியரா? ஒரு ஊசி இல்ல, ஒரு கருவி இல்ல!"

விறுவிறுவென்று டாக்டர் மரங்கொத்தியிடம் போனாள். அங்கே கருவி இருந்தது! குழாய்க்குள் விட்டுச் சுழற்றினால் கொழுப்பைச் சுரண்டி எடுக்கும் முள். செய்து விற்பது முள்ளம்பன்றி. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முள்ளை விற்பவரே சிகிச்சை அறைக்குள் வந்து டாக்டரின் தோளை ஒட்டி நிற்பார். ஒத்தாசைக்காம்!

மரங்கொத்தி குழாயை எட்டிப் பார்த்தது. "அடைப்பு முப்பது சதவீதம்தான் இருக்கும்போல..."

"கொஞ்சம் சாய்ஞ்சு பாருங்க டாக்டர், எழுபது தெரியும்!" என்றது முள்ளம்பன்றி.

மரங்கொத்தி சாய்ந்து பார்த்தது. தெரிந்துவிட்டது!

"சின்ன முள் போதுமா?"

"பெரிசே போடுங்க. கீழே இன்னும் ரெண்டு குழாய் இருக்கே, அதை மட்டும் ஏன் ஒதுக்கணும், பாவம்!"

மூன்று குழாய்களில் ஐந்து முள் சுழன்றது. பத்தாம் நாள், சுரண்டிய இடமெல்லாம் தடித்து அடைத்துக்கொண்டது. கால் கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

"என் கால் ஏன் போச்சு?" என்று முள்ளம்பன்றியிடம் கேட்டாள்.

"முள்ளுல குறையே இல்லம்மா! பிடிச்ச அலகைக் கேளு."

மரங்கொத்தியிடம் கேட்டாள்.

"பக்கத்துல நின்னவர் சொன்னபடிதான் சுழற்றினேன். அவரைக் கேளும்மா!"

இங்கே போ, அங்கே போ என்று இரண்டு மாதம் விரட்டினார்கள். ஆமை சொன்ன நடையை அவள் மூன்று காலில் நடந்து முடித்தாள்.

அந்த வருஷம் வைத்தியர்கள் மாநாடு கூடியது. முள்ளம்பன்றி மேடையேறி முழங்கியது. "நம் முள் சந்தை இரண்டு மடங்காகிவிட்டது! இந்த வருஷம் முந்நூறு கால்களில் அடைப்பைத் திறந்தோம். அடுத்த வருஷம் அறுநூறு!"

கூட்டத்திலிருந்து பூவாத்தாள் எழுந்தாள். "அடுத்த வருஷம் அறுநூறு பேருக்குக் கால் வலிக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

முள்ளம்பன்றி கேட்காததுபோல் அடுத்த தாளைப் புரட்டியது.

"சரி, அதை விடுங்க. திறந்த முந்நூறு கால்ல இன்னைக்கு எத்தனை கால் நடக்குது? அதையாவது சொல்லுங்க!"

முள்ளம்பன்றி மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி கூரையைப் பார்த்தது. பூவாத்தாள் உட்காரவே இல்லை. கடைசியில் மரங்கொத்திதான் பதில் சொன்னது.

"அதை எண்ணுறதுக்கு இதுவரைக்கும் யாரும் எங்களுக்குக் கருவி விற்க வரலையேம்மா!"

விற்பவரின் கண்ணால் பார்க்கிற வைத்தியருக்கு எல்லாக் காலும் அடைத்தே தெரியும். போன கால் மட்டும் தெரியாது.