எழுந்து நடந்த மரம்

ஒரு காட்டில் மரங்கள் உண்டு, நிழல் கிடையாது. அங்கே ஒரு முயல் நின்றால் அதன் காதுகள் மரங்களுக்கு மேலே தெரியும். கோடையில் சூரியன் தூங்கவே போகாது. அது எந்தக் காடு, சொல்லுங்கள் பார்க்கலாம்.

தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். கோடியக்கரைக்கு வலசை வந்த உள்ளான் பறவை ஒன்று இந்தப் புதிரைப் போட்டபோது தூக்கணாங்குருவிக்கும் விடை தெரியவில்லை.

"முயலைவிடக் குட்டையாக மரமா? புளுகாதே அக்கா" என்றது குருவி.

"அது என் ஊர், தம்பி. பெயர் தூந்திரா. வடக்கே, வடக்குக்கும் வடக்கே. நம்பாவிட்டால் வந்து பார்."

குருவிக்குத் தன் தொங்கும் கூட்டின்மேல் தலைகொள்ளாத பெருமை. "வருகிறேன். வீடு என்றால் என்னவென்று உங்கள் ஊருக்குக் காட்டுகிறேன்" என்று உள்ளானோடு கிளம்பியது.

போய் இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் பாசி, குட்டை, பொடிப்பொடியாய்ப் பூக்கள். கூட்டைத் தொங்கவிடக் குருவி பனைமரம் தேடியது.

"நீ மரத்தின்மேல்தான் நிற்கிறாய்" என்றது உள்ளான்.

குருவி குனிந்து பார்த்தது. காலடியில் ஏதோ தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"இதற்கு உடம்பு சரியில்லையா அக்கா?"

"நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால், கோடையிலும் உருகாத பனிக்கட்டி. வேர் எங்கே இறங்கும்? நிமிர்ந்தால் காற்று விடாது. அதனால் படுத்தே வளர்கிறது."

உள்ளான் பாசியில் சின்னப் பள்ளம் பறித்து ஒரு முட்டை இட்டது. குருவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது வீடா, எருமை மிதித்த குழியா? எங்கள் ஊரில் கூட்டைச் சோதித்துப் பார்த்துத்தான் பெண்குருவி குடிவரும். உன் குஞ்சு பொரிந்ததும் எந்த வீடு நல்லது என்று அதையே கேட்போம்."

"கேட்போமே" என்றது உள்ளான்.

குருவி புல்லைக் கிழித்துப் பின்னியது. படுத்த மரத்தில் கட்டினால் கூடு தொங்கவில்லை, உட்கார்ந்துகொண்டது. இதற்குள் குஞ்சும் பொரிந்துவிட்டது.

அப்போது மேட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய கிளைகள் தெரிந்தன. தொட்டால் மெத்தென்று ரோமம். "குளிர் ஊர் அல்லவா? மரத்துக்கும் கம்பளி போட்டிருக்கிறார்கள்" என்று குருவி பூரித்தது. கூட்டை இழுத்துப்போய்க் கிளையில் முடிச்சுப் போட்டது.

உள்ளான் இரை தேடப் போயிருந்தது. "உள்ளே வா கண்ணு, ஆடிப் பார்" என்று குஞ்சை அழைத்தது குருவி. குஞ்சும் தத்தித் தத்தி ஏறிக்கொண்டது.

மரம் தும்மியது.

பிறகு மரம் எழுந்தது. நான்கு கால்களில் நடந்தது.

"அக்கா, மரம் போகிறது!"

"அது மரமில்லை, பனிமான். கிளையில்லை, கொம்பு. கூட்டுக்குள் யார்?" என்று கேட்டபடி உள்ளான் பறந்துவந்தது.

முன்னால் குளிர்ந்த ஆறு. மான் கூட்டம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. குருவி பறந்துபோய் மானின் காதில் உட்கார்ந்தது.

"மாமா, நில்லுங்கள். உங்கள் தலையில் என் வீடு இருக்கிறது."

"நீ கட்டியதா? பெரிய கொசு என்றல்லவா நினைத்தேன்" என்று மான் நின்றது.

"உள்ளே குழந்தை இருக்கிறது மாமா."

மான் மெதுவாகத் தலையைத் தரைவரை தாழ்த்தியது. கூட்டிலிருந்து குஞ்சு பஞ்சுருண்டையாக உருண்டு வந்தது. எழுந்து நின்று, தலைசுற்றி, இரண்டு வட்டம் போட்டது. குருவி அவசரமாக முடிச்சை அவிழ்த்துக் கூட்டைக் கீழே போட்டது.

உள்ளான் குஞ்சை அணைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தது. குருவி கூட்டை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

"நடந்தது என் தப்புதான் அக்கா. ஆனாலும் கேட்பதாகச் சொன்னோமே. கண்ணு, உனக்கு எந்த வீடு வேண்டும்?"

காற்று அடித்தது. கூடு பந்துபோல் உருண்டு குட்டைக்குள் விழுந்தது. பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது.

குஞ்சு பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நீதி: நிலத்தைக் கேட்டுவிட்டு வீடு கட்டு.