அணைத்தாலும் பச்சை

மில்லின் லினக்ஸ் சர்வர்களுக்கெல்லாம், ஒவ்வொன்றின் நலத்தையும் திரையில் ஒரு விளக்காகக் காட்டும் கண்காணிப்பு மென்பொருளான ஏஜென்ட்டைப் போட்டுவிட்ட பெருமையில் மேனேஜர் சௌந்தரபாண்டியனுக்குத் தலைகால் புரியவில்லை.

"திரையில எல்லா விளக்கும் பச்சை! இந்த ஹசீனாதான் சம்பள சர்வர் திணறுதுன்னு கிளப்பி விடுறா. நிரூபிக்கட்டும், இல்லேன்னா வேலையை விட்டுப் போகட்டும்" என்று முதலாளியம்மா முன்னால் குதித்தார்.

ஒப்பந்த ஊழியை ஹசீனா, "சார், உங்க கையாலேயே டெஸ்ட் சர்வரை அணைங்க. அதோட விளக்கு சிவந்தா நான் கிளம்பிடுறேன்" என்றாள்.

அணைத்தார். பச்சை அசையவே இல்லை.

"அணைச்ச சர்வர் எப்படி சௌக்கியமா இருக்கு, பாண்டியன்?" என்றார் முதலாளியம்மா.

ஹசீனா ஒவ்வொரு விளக்குக்கும் கொடுத்திருந்த சர்வர் முகவரியைத் திருத்தினாள். சம்பள சர்வரின் விளக்கு பளிச்சென்று சிவந்தது.

"அவசரத்துல சார் எல்லா விளக்குக்கும் தன் அறையில இருக்கிற சர்வரோட முகவரியையே கொடுத்துட்டாரும்மா. கண்ணாடியில தன் முகத்தைப் பார்த்துட்டு, ஊரே சௌக்கியம்னுட்டார்."