எந்த மில் உங்க மில்?

முதலாளிகள் எழுதித் தந்த சம்பளத்தையும் தொழிலாளிகள் சர்வேயில் சொன்ன சம்பளத்தையும் இணைத்துப் பார்க்க, முப்பது ஆராய்ச்சியாளர்களுக்குப் பயிற்சி நடந்தது. பட்டியலில் ஆட்களுக்கும் மில்களுக்கும் பெயர்கள் கிடையாது, எண்கள்தான்.

மில் முதலாளி தெய்வநாயகம் உள்ளே வந்ததும் எல்லோரும் மூச்சடக்கினார்கள். அந்த ஹாலே அவர் கொடுத்தது.

"என் மில்லுல கூலி கம்மின்னு சொன்னவ எவ? பேரு வேணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!"

அவர் கேட்டது கம்ப்யூட்டர் உதவியாளர் செங்கமலத்தை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் அக்காவும் அந்த மில்லில்தான் நூல் சுற்றுகிறாள்.

"தேடிடலாம் ஐயா. முதல்ல மில்லு எதுன்னு தெரியணுமே. இதோ திரையில, நாள் கூலி அறுநூறு தர்றேன்னு எழுதிட்டு முந்நூறு தர்ற மில்லு. இது உங்களோடதுதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

முப்பது பேரும் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அது என் மில்லே இல்ல!"

"அப்ப சொன்னவளும் உங்க ஆளில்லையே, ஐயா."

அவர் கார் கிளம்பும்வரை அவள் மேசையை விடவில்லை.