ஆமைக்குக் காவல்

பவளப்பாறை மண்டிய அந்தக் கடலடிப் பாருக்கு வெகு நாளைக்கு அப்புறம் ஓர் அழுங்காமை வந்திருந்தது. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக மேய்ந்த இடம்தான். இப்போது அந்த ஒன்றே ஒன்று. அதுவும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் பிறகு பார் வெறும் பாறைதான்.

அங்கே கடலுக்குள் முங்கப் பழக்குகிறவள் பிரகாசி. பழக வந்தவர் ததேயு, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவளுக்குத் தகப்பன் வயது. ஆனாலும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்கு இருவரும் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆமை பாறையிடுக்கில் படுத்திருந்தது. ததேயு அதற்கு நேர் மேலே போய், கைகளை விரித்து நின்றுகொண்டார். கேமராவோடு வந்த ஒருத்தரையும் கிட்டே விடவில்லை.

ஆமை வெளியே வந்தது. அவரைக் கண்டு உள்ளே திரும்பியது. மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது.

பிரகாசி அவர் காலைப் பிடித்து இழுத்து, படகுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"ஏன் மாஸ்டர் இழுத்திய? காவலுக்குத்தானே நின்னேன்."

"கோவமா அண்ணாச்சி?"

"பின்ன? ஒத்தை உயிரு. அந்தக் கேமராக்காரனுவ தொட்டுத் தொட்டே வெரட்டிருவானுவ. அதை வேற எப்படிக் காப்பாத்த?"

"சிலிண்டரைக் கழட்டிட்டு ஒருக்க சும்மா முங்குங்க. ஒரு ஆள் ஆழம் போதும்."

முங்கினார். மூச்சு முட்டி மேலே வந்தால், தலைக்கு மேலே பிரகாசி கைகளை விரித்து மிதந்துகொண்டிருக்கிறாள். இடப்பக்கம் நகர்ந்தார், அவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனார், அங்கேயும் அவள்.

அவள் விலகியதும் இருமிக்கொண்டே படகின் விளிம்பைப் பிடித்தார்.

"கொல்லப் பாத்தியளா?"

"காவலுக்குத்தானே நின்னேன்."

ததேயு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது... மூச்செடுக்கவா வெளிய வெளிய வந்துச்சு?"

பிரகாசி துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினாள்.

மறுநாள் ததேயு இடுக்குக்குப் பக்கத்திலே, மணலை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தார். கேமராக்காரர்கள் ஆமைக்கு மேலே வந்து மொய்த்தபோது கையை வீசினார். பஸ் படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற அதே வீச்சு. விசில் ஒன்றுதான் குறை. அவர்களும் விலகிக்கொண்டார்கள்.

ஆமை வெளியே வந்தது. அவர் தோளை உரசாத குறையாக, அவசரமில்லாமல், மேலே வெளிச்சத்தை நோக்கி ஏறிப் போனது.

படகில் ஏறியதும் ததேயு கேட்டார், "போயிட்டுது மாஸ்டர். நாளைக்கு வருமா?"

"வரும். நீங்க இன்னைக்கு ஒதுங்கி நின்னது அதுக்குத் தெரியும், அண்ணாச்சி."