மொட்டை மாடிக்குப் பவுடர்

ஒரு ஊர்ல ஒரு வெக்கை இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காத, இன்னைக்கு ராஜா ஊருக்குப் போயிட்டாரு, வெக்கைதான் இருக்கு. அந்த வெக்கை தெனமும் ஒரு வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்துக்கும். எப்படி வருது, எந்த வழியா வருதுன்னு யாருக்கும் தெரியாது.

அது செங்கமலத்தோட வீடு. தளம் போட்ட சின்ன வீடு. அவ வீட்டுக்காரரு லாரி எடுத்துக்கிட்டு வடக்க போனா வர்றதுக்கு நாளாகும். ஒரே பொண்ணு, அல்லின்னு பேரு, பக்கத்து டவுன்ல கட்டிக் கொடுத்திருந்தா. இப்போ அல்லிக்கு வயித்துல பாப்பா. ம் சொல்லு. சொல்லலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நானும் தூங்கிடுவேன்.

தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுக்குத்தானே வரணும்? வளைகாப்பு முடிஞ்சுது, செங்கமலம் கூட்டிட்டுப் போகலாம்னு நின்னா. அப்போ அல்லியோட மாமியார் கோதாவரியம்மா குறுக்க வந்தாங்க. பொல்லாதவங்கன்னு சொல்ல முடியாது, பயந்த சுபாவம். இந்த சித்திரை வெயில்ல உங்க வீட்டுக்கு அனுப்பினா புள்ளத்தாச்சி வெந்து போயிடுவா, எங்க வீட்ல ஏசி இருக்குன்னாங்க. அல்லிக்குக் கண்ணு குளமாயிடுச்சு.

செங்கமலம் வீட்ல ஏசி மாட்ட முடியாது. பழைய வயரு. மிக்ஸியும் கிரைண்டரும் சேர்ந்து ஓடினாலே டப்புனு ஃபியூஸ் போயிடும். அதையும் சொன்னா. கோதாவரியம்மா யோசிச்சாங்க, யோசிச்சு ஒரு வார்த்தை சொன்னாங்க.

"அடுத்த புதன்கிழமை நானே அல்லியக் கூட்டிட்டு வரேன் சம்பந்தி. உச்சி வெயில்ல உங்க வீட்ல உட்கார்ந்து பார்க்கிறேன். என்னால இருக்க முடிஞ்சா அவ இருக்கட்டும். முடியலேன்னா சாயங்காலமே கூட்டிட்டுத் திரும்பிடுவேன்."

செங்கமலம் வீட்டுக்கு வந்தா. இடுப்புல கைய வச்சு நடுக்கூடத்துல நின்னா. ஏ வெக்கையே, நீ எங்கேருந்துதான் வர்றேன்னு கேட்டா. அது பதில் சொல்லுமா? நல்லா வேர்க்க வச்சுது, அவ்வளவுதான்.

அப்புறம் அவளா ஒண்ணு நெனச்சா. காத்து இல்லாமதானே புழுங்குதுன்னு, மத்தியானத்துல படார் படார்னு எல்லா ஜன்னலையும் தொறந்து விட்டா. காத்து வந்துச்சு. எப்படி வந்துச்சு? தோசைக்கல்லு மேல கைய நீட்டினா வருமே, அப்படி புஸ்ஸுனு வந்துச்சு. குடத்துத் தண்ணி கூட சுட்டுப் போச்சு. ஆஹா, பகல்ல வெளியில இருக்கிற காத்து உள்ள இருக்கிறதை விடச் சூடுடி, வாசலைத் தொறந்து நாமளே வா வான்னு கூப்பிட்டுட்டோமேன்னு தலையில தட்டிக்கிட்டா. மறுநாள்லேருந்து காலையில வெயில் ஏறினதும் ஜன்னலைச் சாத்துவா, பொழுது சாஞ்சப்புறம் தொறப்பா. கொஞ்சம் அடங்குச்சு. ஆனா போகல.

ம்? ம்.

அப்புறம் இன்னொண்ணு நெனச்சா. மேலே தளம்தானே காயுது, தண்ணிய ஊத்துவோம்னு. மத்தியானம் மொட்டை மாடிக்குக் குடம் குடமாத் தூக்கிட்டுப் போய் ஊத்தினா. சொய்ய்ய்ங்னு சத்தம். ஆவி எழும்பிச்சு. கொஞ்ச நேரம் சில்லுனு இருந்துச்சு, அவளும் சிரிச்சா. தண்ணி காஞ்சதும் தளம் பழையபடி சுட ஆரம்பிச்சுடுச்சு. தொட்டியில தண்ணி தீர்ந்து போச்சு, இடுப்பும் பிடிச்சுக்கிச்சு. தளம் மட்டும் இன்னும் கொண்டா கொண்டான்னு உட்கார்ந்திருந்துச்சு.

அப்போ செங்கமலத்துக்கு அழுகை வந்துடுச்சு. பொண்ணு வரப்போறா, வந்த அன்னைக்கே திரும்பிப் போகப்போறாளேன்னு. அழுதுக்கிட்டே என்ன செஞ்சா தெரியுமா? வடாம் பிழிஞ்சா. பொண்ணு ஒரு வேளை சாப்பிட்டாலும் பொரிச்சுப் போடணுமில்ல. மாடியில பழைய வெள்ளை வேட்டிய விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வச்சு, வரிசையாப் பிழிஞ்சுட்டு இறங்கி வந்தா.

மத்தியானம் கா கான்னு சத்தம். காக்கா. செங்கமலம் செருப்பைக் கூட மாட்டாம திடுதிடுன்னு மேல ஓடினா. தரை சுடுது, ஸ்ஸ் ஆ, ஸ்ஸ் ஆன்னு குதிக்கிறா. காக்கா ஒரு கல்லைத் தள்ளிவிட்டிருந்துச்சு, காத்துல வேட்டியோட ஓரம் மடிஞ்சு கிடந்துச்சு. குதிச்சுக்கிட்டே போனவ, வேட்டி விலகின அந்த வெறுந்தரையில கால வச்சா.

கால் சுடல.

அப்படியே நின்னுட்டா. ஒரு காலை அங்க வச்சுப் பார்த்தா, சுடல. இன்னொரு காலைத் தள்ளி வச்சுப் பார்த்தா, ஐயோன்னு எடுத்தா. காக்கா பாட்டுக்கு வடாம் தின்னுது, இவ அதை வெரட்டக் கூட இல்ல. வடாம் ஈரத்துலதான் குளுந்திருக்கும்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. மறுநாள் ஈரமே இல்லாத வேட்டிய வேற இடத்துல விரிச்சா, பக்கத்துல ஒரு கறுப்புப் போர்வையையும் விரிச்சா. மத்தியானம் போய் ரெண்டையும் எடுத்துட்டுக் கால வச்சுப் பார்த்தா, போர்வை இருந்த இடம் சுட்டுச்சு, வேட்டி இருந்த இடம் அப்பவும் சுடல. அப்போ ஈரம் இல்ல, அந்த வெள்ளைதான்.

ஏன் வெள்ளைன்னா சுடாதா? சுடும், கொஞ்சமாச் சுடும். கறுத்த தரைன்னா வெயில் உள்ள இறங்கி சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும். வெள்ளையப் பார்த்தா வந்த வழியே துள்ளிக்கிட்டுத் திரும்பிடும். இப்போ கண்ணை மூடிக்கிட்டுக் கேளு.

அப்போ செங்கமலம் ஓடிப் போய் சுண்ணாம்பு வாங்கிட்டு வந்தா. தண்ணியில போட்டா, பொத பொதன்னு கொதிச்சு அடங்குச்சு. உதிராம இருக்கக் கொஞ்சம் கஞ்சி கலந்தா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சரக் சரக்னு தளம் பூரா ரெண்டு தடவை பூசினா. எதிர் வீட்டு மாடியிலேருந்து பார்த்தவங்க, என்ன செங்கமலம், மொட்டை மாடிக்குப் பவுடர் போடுறியா, பொட்டும் வச்சு விடுன்னு சிரிச்சாங்க. பொண்ணைத் திருப்பி அனுப்புற கஷ்டம் அவங்களுக்கு இருந்தா சிரிச்சிருப்பாங்களா? அவ காதுல போட்டுக்கவே இல்ல. மேக்கால ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தென்னங்கீத்தைக் கட்டித் தொங்க விட்டா, சாயங்கால வெயிலும் சுவத்தைத் தொடக்கூடாதுன்னு.

புதன்கிழமை வந்துச்சு. உச்சி வெயில்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. அல்லி வயித்தைத் தாங்கிக்கிட்டு இறங்கினா. பின்னாடியே கோதாவரியம்மா, விசிறியும் கையுமா. செங்கமலம் சாப்பாடு போட்டா, வடாம் பொரிச்சா, சாம்பாரு, ரசம், எல்லாம் ஆச்சு. கோதாவரியம்மா சாப்பிட்டு எழுந்தாங்க. அண்ணாந்து தளத்தைப் பார்க்கிறாங்க, சுவத்தைத் தொட்டுப் பார்க்கிறாங்க. செங்கமலம் அவங்க கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறா.

அப்போ பார்த்து டப்புனு தெருவுக்கே கரண்டு போச்சு. ஃபேன் கிர்ர்ர்... கிர்ர்... கிர்னு நின்னே போச்சு.

மூணு பேரும் மேல பார்த்தாங்க. எல்லாம் போச்சுன்னு செங்கமலம் நெனச்சுக்கிட்டா. மக முகத்தைப் பார்க்க முடியாம அடுப்படிக்குள்ள போய் நின்னுக்கிட்டா. கோதாவரியம்மா விசிறிய எடுத்து விசிற ஆரம்பிச்சாங்க. விசிறினாங்க... விசிறினாங்க... அப்புறம் விசிறல. செத்த நேரம் முதுகைச் சாய்ச்சுக்கிறேன்னு வெறுந்தரையில படுத்தாங்க.

செங்கமலம் அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் கூடத்துலேருந்து, கொர்ர்ர்... புஸ். கொர்ர்ர்... புஸ்.

செங்கமலம் எட்டிப் பார்த்தா. சம்பந்தியம்மா வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாங்க. பக்கத்துல அல்லி ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்குறா. நெத்தியில ஒரு பொட்டு வேர்வை இல்ல. செங்கமலம் அங்கேயே அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே இருந்தா.

கரண்டு வந்தது கூடத் தெரியாம தூங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கோதாவரியம்மா கண்ணு முழிச்சாங்க. அல்லி பையத் தூக்கிக்கிட்டு, பயந்து பயந்து கேட்டா.

"கிளம்பணுமா அத்தே?"

கோதாவரியம்மா நல்லா சோம்பல் முறிச்சாங்க.

"உன் புருஷனுக்கு ஃபோனைப் போடு. என் புடவை நாலு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. பாப்பா பொறக்கிற வரைக்கும் நானும் இங்கதான்."

ம்? ம் காணோமே. சரி, கதை பாயை விரிச்சுப் படுத்துடுச்சு, நீயும் படு.