மெமரி 1.35 வோல்ட் ஓகே

மூன்றாவது போர்டும் எழுந்திருக்கவில்லை.

சந்தியாகு சுவிட்சை அணைத்தார். மனதுக்குள் பத்து எண்ணினார். மறுபடி போட்டார். திரையில் வழக்கமான நான்கு வரிகள் வந்தன. நான்காவது வரி: ‘மெமரி 1.35 வோல்ட் ஓகே.’ அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வரியின் முனையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

“மெமரிதான்” என்றார். “மூணும் ஒரே இடத்துல நிக்கி. மெமரி சிப்பு வந்த லாட்டே சரியில்ல. பாய், கழட்டிருங்க.”

எதிர் மேஜையில் ஜலால் புளோயரை எடுத்தார். சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்தெடுக்க அதுதான் கருவி. எடுத்தவர் அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“எத்தனைல கழட்டணும்?”

“அறுபதுலயும்.”

“கழட்டி, சுத்தம் பண்ணி, புதுசு வச்சு, திரும்ப ஒட்டணும். அஞ்சு நாள் ஆவும் அண்ணாச்சி. அதுவும் புது மெமரி நாளைக்கே வந்தா.”

“தெரியும்.”

“தடைக்காலம் முடிய பதினோரு நாள்தான் இருக்கு.”

“அதும் தெரியும்.”

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அந்தச் சிறு நிறுவனம் நடந்தது. படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லும் பெட்டியைச் செய்தார்கள். மீன்பிடித் தடை முடிந்ததும் அறுபது விசைப்படகுகள் அந்தப் பெட்டியோடு கடலுக்குப் போக வேண்டும். பெட்டிக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிப் ஒன்று உண்டு. பழைய சிப் சந்தையில் நின்றுபோனதால் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். போர்டில் முதலில் விழித்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் நிரலுக்கு, பூட்லோடருக்கு, இந்தப் புது சிப்பைத் தெரியாது. அதோடு பேசக் கற்றுக்கொடுக்கும் டிரைவரை எழுதுவது சந்தியாகுவின் வேலை.

அவர் தனியாக எழுதிய முதல் டிரைவர் அது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்து நான்கு வருடம் துறைமுகச் சாலையில் வயர்லெஸ் செட்டும் மீன் தேடும் கருவியும் பழுது பார்த்தவர். ஐந்தரை மாதம் முன்பு கடையை மூடிவிட்டு நிரல் எழுதக் கற்க இங்கே வந்தார். ஆறு மாதம் பார்ப்போம் என்று பேச்சு. டிரைவர் ஓடினால் கோப்பின் தலைப்பில் பொறுப்பாளர் என்று அவர் பெயர் ஏறும், வேலை நிலைக்கும். ஓடாவிட்டால் திரும்பிப் போகக் கடை இல்லை. அங்கே இப்போது சர்பத் விற்கிறார்கள்.

அவருக்குக் கற்றுக்கொடுத்த கோமதிக்கு முப்பத்து மூன்று வயது. அவர் உள்ளறையிலிருந்து டீ கிளாஸோடு வந்து சந்தியாகுவின் பின்னால் நின்றார்.

“கழட்டச் சொல்லிட்டீங்களா, அண்ணாச்சி?”

“சொல்லிட்டேன் மேடம். வேற வழி தெரியல.”

“மெமரிக்குக் கரண்ட் போகுதா?”

“போகுது. நல்லாவே போகுது. பாருங்க.” நான்காவது வரியில் விரலை வைத்தார். “1.35. கேட்டது அவ்வளவு, கிடைச்சது அவ்வளவு.”

“மத்த ரெண்டு போர்டுல?”

“அதே 1.35. புள்ளி மாறல.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“மூணும் ஒரே மாதிரியா?”

“அச்சுல வார்த்த மாதிரி.”

கோமதி டீயைக் குடித்தார். ஜலால் புளோயரை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இருவரையும் பார்த்தார்.

“மேடம், நான் சூடு ஏத்தவா வேண்டாமா? ஒரு தடவ கழட்டினா கழட்டினதுதான்.”

“அண்ணாச்சி முடிவு, பாய்.”

சந்தியாகு திரும்பி கோமதியைப் பார்த்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கேன். ஸ்கிரீன்ல வரி வரியா வாற இந்த லாக் பொய் சொல்லுமா?”

கோமதி கிளாஸை மேஜையில் வைத்தார். “கொஞ்சம் நகருங்க.”

அவர் நாற்காலியோடு நகர்ந்தார். கோமதி நின்றபடியே டிரைவர் கோப்பைத் திறந்து, கீழே போய், ஒரு அட்டவணையில் நின்றார். அதில் ஒரு எண்ணை அழித்துவிட்டு வேறொன்றை அடித்தார். போர்டில் ஏற்றி, சுவிட்சைப் போட்டார்.

திரையில் நான்கு வரிகள் வந்தன. நான்காவது: ‘மெமரி 230.00 வோல்ட் ஓகே.’

ஜலால் எட்டிப் பார்த்தார்.

“வீட்டு மிக்ஸிய இதுலயே ஓட்டலாம் போலிருக்கே.”

சந்தியாகு சிரிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்தது.

“கிண்டல் பண்ணுதீங்களா மேடம்?”

“இல்ல அண்ணாச்சி. சிப்புக்குப் போற எண்ண நான் தொடல. திரும்பி வாறத வாசிக்கிற இடத்துல ஒரு வரி. அவ்வளவுதான்.”

“சிப்பக் கேட்டுத்தான அது சொல்லுது? கேக்காமலா சொல்லுது?”

“கேட்டுத்தான் சொல்லுது. என்னன்னு கேக்கு?”

“எந்தப் படியில நிக்கன்னு. வோல்ட்ட அது படிப்படியாத்தான ஏத்தும்.”

“அது என்ன சொல்லிச்சு?”

“முப்பது.”

“அந்த முப்பத வோல்ட்டா மாத்திச் சொன்னது யாரு?”

சந்தியாகு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டு இருமிக்கொண்டிருந்தார்கள். மின்னும் கட்டம் மின்னிக்கொண்டே இருந்தது.

அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

“கோவிச்சுக்கிட்டாரோ?” என்றார் ஜலால்.

கோமதி ஜன்னல் வழியே பார்த்தார். சந்தியாகு ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி உள்ளே கையைவிட்டுத் துழாவினார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் மஞ்சள் துணிப்பை இருந்தது. அதிலிருந்து, கடையில் வோல்ட் அளக்க வைத்திருந்த பழைய மீட்டரை எடுத்தார். மூலை தேய்ந்திருந்தது. சிவப்பு ஒயரின் கழுத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இங்கே சேர்ந்த முதல் நாள் அதை மேஜையில் வைத்திருந்தார். “இங்க எல்லாம் ஸ்கிரீன்லயே தெரியும், அண்ணாச்சி” என்று ஜலால் அன்று சொன்னார். கேலியாகக்கூட அல்ல, தகவலாகத்தான் சொன்னார். மறுநாளிலிருந்து மீட்டர் ஸ்கூட்டருக்குள் கிடந்தது. இனி அது வேண்டியதில்லை என்று சந்தியாகுவும் நினைத்திருந்தார். நினைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கறுப்பு முனையைப் போர்டின் ஓரத்தில் ஊன்றினார். சிவப்பு முனையை மெமரியின் பக்கத்தில் எள்ளளவு இருந்த ஒரு உலோகப் புள்ளியில் வைத்தார். கண்ணாடி இல்லாமலே சரியாக வைத்தார்.

“0.974 வோல்ட்” என்றார்.

அடுத்த போர்டை எடுத்தார்.

“0.978.”

மூன்றாவது.

“0.973.”

“மூணும் மூணு விதமா இருக்கு” என்றார் கோமதி.

“எப்பவும் அப்படித்தான் இருக்கும்” என்றார் சந்தியாகு. “ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கடைக்கு வாற செட்டெல்லாம் அப்படித்தான்.” சொன்ன பிறகுதான், அச்சில் வார்த்த மாதிரி என்று தான் பெருமைப்பட்டது அவருக்கு நினைவு வந்தது.

பிறகு புது சிப்பின் விவரப் புத்தகத்தைத் திறந்தார். நூற்று நாற்பது பக்கம். பழைய சிப் இருந்த இடத்தில் இதை அப்படியே பொருத்தலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதை நம்பித்தான் பழைய டிரைவரின் அட்டவணையை அப்படியே எடுத்து வைத்திருந்தார். இப்போது விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“பழசுல ஒரு படிக்கு இருபத்தஞ்சு மில்லிவோல்ட். இதுல பன்னிரண்டரை.”

“பாதிப் படி” என்றார் ஜலால்.

“பாதிப் படி. ரெண்டும் 0.6-லதான் தொடங்குது. பழசுல முப்பது படி ஏறினா 1.35. இதுல முப்பது ஏறினா 0.975. நான் பழைய படிய வச்சு ஏறச் சொன்னேன். ஏறிட்டியான்னும் பழைய படிய வச்சே கேட்டேன்.” அவர் புத்தகத்தை மூடவில்லை. “மெமரி மேல பழியப் போட்டேன். அறுபதையும் கழட்டச் சொன்னேன்.”

“இன்னும் கழட்டல” என்றார் ஜலால்.

அட்டவணையைத் திருத்த முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வரியையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு அடித்தார். கோமதி அருகில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை மட்டும், 230 என்று தான் அடித்த வரியைக் காட்டி, “இத எடுத்திருங்க அண்ணாச்சி, படகு தாங்காது” என்றார்.

முப்பது அறுபதானது. சிவப்பு முனையை உலோகப் புள்ளியில் வைத்துக்கொண்டே சந்தியாகு இடக்கையால் சுவிட்சைப் போட்டார். திரையைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்.

“1.348.”

“அண்ணாச்சி, இங்க பாருங்க” என்றார் ஜலால்.

நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவது வரி வந்திருந்தது. ஆறாவது வந்தது. அதன்பின் எண்ண முடியாத வேகத்தில் வரிகள் மேலேறிப் போயின. கடைசியில் திரை நின்று, உள்ளே வருவது யார் என்று பெயர் கேட்டது.

மற்ற இரண்டு போர்டுகளும் எழுந்தன. 1.351. 1.346. அந்த எண்களைச் சந்தியாகு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். ஜலால் புளோயரின் பிளக்கைப் பிடுங்கினார். மூவருக்கும் கீழேயிருந்து டீ வந்தது. உளுந்தவடையும் வந்தது. ஜலால் இரண்டாவது வடையை எடுக்கும்போது, அறுபது போர்டு வேலை மிச்சமானதற்கு இது போதாது என்றார்.

கோமதி கோப்பின் தலைப்புக்குப் போனார். பொறுப்பாளர் என்ற சொல்லுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது.

“பேர அடிங்க, அண்ணாச்சி.”

சந்தியாகு விசைப்பலகையைத் தொடவில்லை.

“தப்பா எழுதினவன் பேரா?”

“ரெண்டு தடவ வாசிச்சுட்டு ஓகேன்னு நான் போட்டிருக்கேன். என் பேரு ஏற்கனவே கீழ இருக்கு.”

“நீங்க கண்டுபிடிச்சீங்க.”

“எனக்கு மூணும் ஒரே மாதிரி இருந்தது உறுத்திச்சு. அவ்வளவுதான். எங்க இடிக்குன்னு எனக்குத் தெரியாது. மீட்டர் எங்கிட்ட இல்ல.”

“இருந்தாலும்...”

“என்னைக்காவது இது தப்பு பண்ணும். அப்ப யாரக் கூப்பிடணும்னு தெரிய வேண்டாமா? அதுக்குத்தான் பேரு. மாலை போடுறதுக்கு இல்ல.”

சந்தியாகு அடித்தார். ஒற்றை விரலால், மெதுவாக. ஒரு எழுத்தை அழித்துத் திரும்ப அடித்தார். பிறகு கோப்பில் கீழே இறங்கி, நான்காவது வரியை அச்சிடும் இடத்தில் வந்து நின்றார்.

“மேடம், இந்த வரி.”

“சொல்லுங்க.”

“இப்ப அட்டவணை சரியாயிட்டு. 1.35 ஓகேன்னு வந்தா அது நெசம்தான். இருக்கட்டுமா?”

“உங்க கோப்பு.”

சந்தியாகு யோசித்தார். ‘ஓகே’யை அழித்தார். கொஞ்ச நேரம் கழித்து ‘வோல்ட்’டையும் 1.35-ஐ எழுதும் பகுதியையும் அழித்தார். சுவிட்சைப் போட்டார். திரையில் நான்காவது வரி வந்தது: ‘மெமரி படி 60.’

“சிப்பு சொன்னது இவ்வளவுதான்” என்றார்.

“ஆமா.”

“ஆனா மேடம், நாளைக்கு வேற ஒருத்தர் இதப் பாப்பாரு. படி அறுபதுன்னா எத்தன வோல்ட்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

கோமதி காலி கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

“அவர்கிட்டயும் ஒரு மீட்டர் இருக்கும்லா, அண்ணாச்சி.”

சந்தியாகு சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மீட்டரைச் சுற்றிக் கட்டினார். மஞ்சள் பையை எடுத்தார். எடுத்தவர் மீட்டரை அதில் போடாமல், பையை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜலால் திரைக்குப் பக்கத்தில் இருந்த வடைத் தட்டை நகர்த்திவிட்டு, மீட்டர் வைக்க அந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார்.