நான்காக மடித்த வெள்ளைத் துணி

வந்தவாசிக்கு மேற்கே, கல்லுடைக்கும் குன்று ஒன்றின் அடியில், சமணக் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்திய அறச்சாலை இருந்தது. அங்கே நூல் சொல்லித் தந்தவர் விசயமதி அம்மை. அவரிடம் பாடம் கேட்டவர்களுள் தரணேந்திர நயினார் மூத்தவர்; ஆசிரியையைவிடவும் வயதில் மூத்தவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அறச்சாலையின் பழைய டீசல் ஜீப்பை ஓட்டுவதும் பேணுவதும் அவர் பொறுப்பு.

குன்றின் மேல் கல்லுடைப்போர் குடியிருப்பு. அங்கே வாழ்ந்த கோதண்டத்தின் நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது. நகரத்து மருத்துவமனைக்கு நெஞ்சு மருத்துவர் வியாழக்கிழமை மட்டும் வருவார். கோதண்டத்தால் நடக்க முடியாது. கட்டிலில் தூக்கி இறக்கலாம் என்றால், படுத்தால் அவருக்கு மூச்சு வராது. ஜீப் மேலே ஏறினால்தான் அவர் கீழே இறங்க முடியும். உயிர் போகும் நிலையில் அழைத்தால் வருகிற வண்டி உண்டு. உயிர் அந்த நிலைக்குப் போகாமல் பார்க்கிற வண்டி இது ஒன்றுதான்.

சென்ற வியாழக்கிழமை ஜீப் ஏறவில்லை. பாதி ஏற்றத்தில், மிதிக்க மிதிக்க எஞ்சின் தயங்கியது. பின்னால் கரும்புகை எழுந்தது. பிறகு வண்டி நின்றுவிட்டது. கோதண்டத்தின் மனைவி பூங்காவனம் மேலிருந்து இறங்கி வந்து பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு நெஞ்சுல கல்லு மட்டும்தான் கீது, நயினாரே. கரியையும் சேர்த்து ஏத்தலாம்னு வந்தீங்களா?"

நயினார் வண்டியைப் பின்னுக்கே உருட்டி இறக்கினார். இந்த வியாழனும் தவறினால் அடுத்த வியாழனுக்குக் கோதண்டம் இருப்பாரா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். கேட்டபடியே வேலையில் இறங்கினார்.

கரும்புகை என்பது எரிந்து முடியாத டீசல். டீசல் மிகுந்தாலும் வரும், காற்று குறைந்தாலும் வரும். பணிமனையில் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லித் தந்த பாடம் அது. நாசில்களைக் கழற்றி, டீசல் பனிபோலத் தெளிக்கிறதா என்று பார்த்தார், தெளித்தது. டீசல் ஃபில்டரை மாற்றினார். பம்பையும் வால்வுகளையும் சரிபார்த்தார். குறை ஏதும் தென்படவில்லை. காற்று நுழையும் ஏர் கிளீனரைத் திறந்தார். பழைய வண்டிகளில் அதன் அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருக்கும். உள்ளே போகிற காற்றின் தூசி அந்த எண்ணெயில் தங்கிவிடும். எண்ணெய் மாசின்றி இருந்தது. கடைசியாகப் பம்பின் திருகைச் சற்றே திருப்பி டீசலைக் குறைத்துப் பார்த்தார். புகை குறைந்தது. ஆனால் வண்டி சமதரையிலேயே சோர்ந்தது. திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

புதன்கிழமை காலை, பாடம் முடிந்தபின் அவர் எழுந்து போகவில்லை.

"அம்மா, ஓர் ஐயம்."

"நூலிலா, வண்டியிலா?"

"வண்டியில்."

"அப்படியானால் நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லுங்கள், நயினார்."

அவர் சொன்னார். நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. சமதரையில் போகிறது. ஏற்றத்தில்தான் தயங்குகிறது, எவ்வளவு டீசல் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறது.

"எல்லாவற்றையும் பார்த்தாயிற்றா?"

"எல்லாவற்றையும்."

"காற்று போகும் வழி?"

"அதுதான் எல்லாவற்றிலும் தூய்மையாக இருக்கிறது. கிண்ணத்து எண்ணெயில் முகம் பார்க்கலாம்."

"முன்பும் அப்படித்தான் இருக்குமா?"

நயினார் மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னார். அப்போது ஒருநாள் கிண்ணத்தைத் திறந்தபோது எண்ணெய் முழுவதும் ஈசல்கள் மிதந்தன. அன்று அவரால் உண்ண முடியவில்லை. மறுநாள், குடிநீர் வடிகட்டும் வெள்ளைத் துணியில் ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, ஏர் கிளீனரின் வாயில் கட்டினார். அந்தத் துணி இல்லாமல் இனி எஞ்சினை முடுக்குவதில்லை என்று விரதமும் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு அறுவடை வந்தது. சாலை நெடுகக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். அந்தப் புழுதியின் ஊடேதான் வாரந்தோறும் போய்வந்தார்.

"துணியைப் பார்த்தீர்களா?"

"அது வண்டியின் உறுப்பு அல்ல, அம்மா. என் விரதம்."

"கழற்றி எடுத்து வாருங்கள்."

கொண்டுவந்தார். துணி வெள்ளையாக இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் ஏறித் தோல்போலத் தடித்திருந்தது. ஆசிரியை அதை விரிக்கவில்லை. மடித்தது மடித்தபடியே அதைக் கொண்டு நயினாரை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கோதண்டத்தின் வீட்டுக்கென்று வைத்திருந்த அரிசி மூட்டையைக் காட்டினார்.

"வாருங்கள். நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவோம்."

அறச்சாலை வாசலில் நயினாரால் மூச்சுவிட முடிந்தது. குன்றடிவரை, ஆசிரியை கேட்டவற்றுக்கெல்லாம் துணிக்குள்ளிருந்தே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்றம் தொடங்கியதும் பதில்கள் சுருங்கின. பிறகு நின்றன. ஜீப் நின்ற அதே வளைவில் அவரும் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. துணியை எடுத்துவிடச் சொல்வார் என்று ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை முன்னே நடந்துகொண்டிருந்தார். நயினார் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, ஓர் அடி, பிறகு ஓர் அடி என்று ஏறினார்.

குடிசை வாசலில் கோதண்டம், கைகளை முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தம் எதிரே வந்து அதே மாதிரி குனிந்து நின்றவரைச் சற்று நேரம் கவனித்தார்.

"இன்னா நயினாரே, நீங்களும் கல்லு வேலைக்கு வந்துட்டீங்களா? மூச்சு நம்ம மூச்சு மாதிரியே கீதே."

சொல்லி முடிக்குமுன் அவருக்கு இருமல் வந்தது. நயினார் மூட்டையை இறக்கினார். துணியை அவிழ்த்தார். காற்று நெஞ்சின் அடிவரை இறங்கியது. எதிரே கோதண்டம் இன்னும் குனிந்தே இருந்தார். அவர் முகத்தில் அவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூச்சு சீரானதும் நயினார் சொன்னார்: "தெரிந்துகொண்டேன், அம்மா. ஆனால் இதை எடுத்துவிட்டால் பூச்சிகள் மறுபடி விழும்."

"குடிநீர் வடிகட்டிய துணியை என்ன செய்கிறோம்?"

"அதே கிணற்றில் திருப்பி அலசுகிறோம். அதில் தங்கிய உயிர்கள் வந்த இடத்துக்கே போகட்டும் என்று."

"இதை?"

ஆசிரியை துணியை வாங்கி, வெயில்பட்ட பாறையின்மேல் வைத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். புழுதியோடு புழுதியாக, நசுங்கிய பூச்சி இறகுகள் வரிசையாக ஒட்டியிருந்தன.

பூங்காவனம் அரிசியை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். துணியைப் பார்த்தாள், அவர்கள் முகங்களையும் பார்த்தாள். இம்முறை அவள் குரலில் ஏளனம் இல்லை.

"நாளைக்கு வண்டி ஏறுமா, நயினாரே?"

"ஏறும்."

வியாழக்கிழமை விடிந்தபின் நயினார் வண்டியில் அமர்ந்தார். துணியைக் கட்டாமலே எஞ்சினை முடுக்கினார். வளைவில் கியரைக் குறைத்து மிதித்தார். எஞ்சின் கொடுத்ததை வாங்கிக்கொண்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கரும்புகை இல்லை, சாலைதான் தெரிந்தது. கோதண்டத்தை நிமிர்த்தி உட்காரவைத்து, பூங்காவனம் தோள்கொடுக்க, மெதுவாக இறக்கிக் கொண்டுபோனார். மருத்துவர் பார்த்ததும் அங்கேயே தங்கவைத்து ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். திரும்பும்போது நயினார் வழியில் எங்கும் நிற்கவில்லை. பூச்சிகள் விளக்கைத் தேடி வரும் நேரத்துக்கு முன்பே அறச்சாலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பியதும் ஏர் கிளீனரின் கிண்ணத்தைத் திறந்தார். அதை இரு கைகளாலும் ஏந்தி ஆசிரியையிடம் போனார். அவர் அந்திக்கு முந்தைய உணவை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோதண்டம்?" என்றார்.

"மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது. உட்கார்ந்தபடியே உறங்குகிறார். பூங்காவனம் அருகில் இருக்கிறாள்."

ஆசிரியை தலையசைத்தார். நயினார் கிண்ணத்தை நீட்டினார். எண்ணெயின் மேல் ஒரு சிறு அந்துப்பூச்சி கிடந்தது.

"அம்மா, மெதுவாகத்தான் ஓட்டினேன். பகலில்தான் ஓட்டினேன். அப்படியும் ஒன்று விழுந்துவிட்டது."

ஆசிரியை கிண்ணத்துக்குள் பார்த்தார். நயினார் பார்த்துக்கொண்டிருந்த அளவு நேரம் அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வியாழனும் கிண்ணத்தைத் திறந்து, விழுந்ததைப் பார்த்துவிட்டே உண்ண வாருங்கள், நயினார்."